வெட்டுமரப் பறிமுதல் (இந்தியச் சட்டம்)

வெட்டுமரப் பறிமுதல் என்பது, வனக் குற்றம் தொடர்பானது எனக் கருதப்படும் மரத்தையும் அதனை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் பயன்பட்ட கருவிகள், வண்டிகள், கால்நடைகள் ஆகியவற்றையும் அரசு தன் உடைமையாக்கிக் கொள்ளும் சட்ட நடவடிக்கையாகும். இந்தியாவில் இதற்கு இந்திய வனச் சட்டம், 1927 அடிப்படையாக உள்ளது. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், ஆந்திரப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலங்களில் தனி வனச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. திருட்டு மரம் பறிமுதலாவதில் பொதுவாகச் சட்டச் சிக்கல் எழுவதில்லை. உரிமம், ஏலம், குத்தகை அல்லது அரசாணை ஒன்றின் அடிப்படையில் வெட்டப்பட்டதாகக் கூறப்படும் மரத்தை அரசு பறிமுதல் செய்யும்போதே நீண்ட வழக்குகள் தோன்றுகின்றன. இத்தகைய வழக்குகளில் ஒருபுறம் பணம் செலுத்தி அனுமதி பெற்றவரின் சொத்துரிமையும், மறுபுறம் மீண்டும் உருவாக்க நூற்றாண்டுகள் தேவைப்படும் காட்டின் பாதுகாப்பும் எதிரெதிராக நிற்கின்றன.

வரலாறு

பிரித்தானிய இந்தியாவில் முதல் வனச் சட்டம் 1865 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1878 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கி, காடுகளைக் காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு, ஊர்க்காடு என மூன்றாக வகைப்படுத்தியது. சென்னை மாகாணத்துக்கு 1882 ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவே தமிழ்நாடு வனச் சட்டம், 1882 என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதி 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடர்ந்தது.

இச்சட்டங்கள் உருவான காலத்தில் காடு அரசின் வருவாய்க்கான மூலமாகக் கருதப்பட்டது. மரத்துக்கான தீர்வை, எல்லைச் சாவடி, ஆற்றில் மிதந்து வரும் மரத்தின் உரிமை ஆகியவற்றுக்கு 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி அதிகாரங்கள் இருப்பது இதனாலேயே. பறிமுதலும் அக்காலத்தில் வருவாய் இழப்பைத் தடுக்கும் வழியாகவே இருந்தது. காடு பாதுகாக்கப்பட வேண்டிய இயற்கைச் செல்வம் என்ற நோக்கு பின்னரே வலுப்பெற்றது. 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1980 ஆம் ஆண்டு வன (பாதுகாப்பு) சட்டம் வந்தது. பழைய சொற்களைப் புதிய நோக்கத்துக்காக நீதிமன்றங்கள் பொருள்கொள்ள வேண்டியிருந்தமை, பறிமுதல் வழக்குகள் பெருகியதற்கு ஒரு காரணமாகும்.

அடிப்படைக் கருத்துகள்

வெட்டுமரமும் வனப்பொருளும்

1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெட்டுமரம் என்பது விழுந்த அல்லது வெட்டப்பட்ட மரங்களையும், அறுக்கப்பட்ட, வடிவமைக்கப்பட்ட, குடையப்பட்ட எல்லா மரத்தையும் உள்ளடக்கும். வனப்பொருள் இரு வகைப்படும்.

* காட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வனப்பொருளாகக் கருதப்படுபவை: வெட்டுமரம், மரக்கரி, மர எண்ணெய், பிசின், மரப்பட்டை, அரக்கு, இலுப்பைப் பூ, கடுக்காய் முதலியன.
* காட்டில் காணப்பட்டாலோ காட்டிலிருந்து கொண்டுவரப்பட்டாலோ மட்டுமே வனப்பொருளாகக் கருதப்படுபவை: மரங்கள், இலை, பூ, பழம், தேன், மெழுகு, மண், பாறை முதலியன.

வெட்டுமரம் முதல் வகையில் இடம்பெறுவதால், பட்டா நிலத்தில் வளர்ந்து வெட்டப்பட்ட மரமும் சட்டத்தின் பார்வையில் வனப்பொருளே. தன் தோட்டத்து மரத்தை ஏற்றிச் செல்லும் உழவரும் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டிய நிலை இதனால் ஏற்படுகிறது. எனினும் பல மாநிலங்கள் குறிப்பிட்ட சில மர வகைகளுக்கு விலக்கு அளித்துள்ளன.

கைப்பற்றுதலும் பறிமுதலும்

அன்றாட வழக்கில் இவ்விரு சொற்களும் ஒரே பொருளில் பயன்பட்டாலும் சட்டத்தில் இவை வேறானவை. கைப்பற்றுதல் என்பது வன அலுவலரோ காவலரோ பொருளைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாகும்; அப்போது உடைமையாளர் மாறுவதில்லை. பறிமுதல் என்பது உரிய ஆணையின் மூலம் உடைமையே அரசுக்கு மாறுவதாகும். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60 ஆவது பிரிவின்படி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின்னர் அல்லது மேல்முறையீட்டில் ஆணை உறுதி செய்யப்பட்ட பின்னர், அப்பொருள் எவ்வகை வில்லங்கமும் இன்றி அரசைச் சேரும். எனவே வண்டிக்குக் கடன் கொடுத்த நிறுவனத்தின் உரிமையும் அப்பொருளின்மீது நிலைப்பதில்லை.

1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறை

சட்டத்தின் 52 முதல் 62 வரையுள்ள பிரிவுகள் இதனை விளக்குகின்றன. மாநிலத் திருத்தங்கள் இல்லாத நிலையில் நடைமுறை பின்வருமாறு அமையும்.

1. வனக் குற்றம் நிகழ்ந்ததாக நம்புவதற்குக் காரணம் இருந்தால், வன அலுவலரோ காவல் அலுவலரோ மரத்தையும் கருவி, வண்டி முதலியவற்றையும் கைப்பற்றலாம்.
2. கைப்பற்றிய பொருளின்மீது அடையாளக் குறி இட்டு, குற்றவியல் நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.
3. விரைவில் கெட்டுப்போகக்கூடிய பொருளை விற்கும்படி நடுவர் ஆணையிடலாம். விற்ற தொகை அப்பொருளின் இடத்தில் வைத்துக் கருதப்படும்.
4. விசாரணை முடிந்த பின், அரசுக்கு உரிய பொருளும் பறிமுதலான பொருளும் வன அலுவலரிடம் ஒப்படைக்கப்படும். பிறவற்றை நீதிமன்றம் கூறும் வகையில் தீர்வு செய்ய வேண்டும்.
5. குற்றவாளி யார் எனத் தெரியாவிட்டால், கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதம் கழியும் வரை பறிமுதல் ஆணை பிறப்பிக்க இயலாது. உரிமை கோரி வருபவரின் தரப்பையும் கேட்க வேண்டும்.
6. ஆணைக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

55 ஆவது பிரிவு, அரசின் சொத்தாக இல்லாத, வனக் குற்றத்துக்கு உட்பட்ட மரமே பறிமுதலுக்கு உரியது எனக் கூறுகிறது. அரசுக்கு ஏற்கெனவே உரிய மரத்தைப் பறிமுதல் செய்யத் தேவையில்லை. அதனை மீட்டுக்கொண்டாலே போதும். எனவே மரம் யாருக்கு உரியது என்பது முதலில் எழும் வினாவாகிறது.

இவ்வினாவுக்கு 69 ஆவது பிரிவு அரசுக்குச் சாதகமான தொடக்கத்தை அளிக்கிறது. வனப்பொருள் அரசின் சொத்தா என்ற ஐயம் எழுந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அது அரசின் சொத்து என்றே கொள்ள வேண்டும். அதாவது, மெய்ப்பிக்கும் பொறுப்பு மரம் தன்னுடையது என்று கூறுபவர் மீது விழுகிறது. உரிமம், ஏல ஆவணம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, போக்குவரத்து அனுமதிச் சீட்டு, மரத்தின்மீது சுத்தியலால் இடப்பட்ட சொத்துக்குறி ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், முறையாக வாங்கிய மரமும் சிக்கலுக்கு உள்ளாகும்.

அலுவலரின் பக்கத்திலும் சட்டம் ஒரு கட்டுப்பாட்டை வைத்துள்ளது. பறிமுதலுக்கு உரியது என்ற சாக்கில் வேண்டுமென்றே தேவையின்றிப் பொருளைக் கைப்பற்றும் அலுவலருக்கு 62 ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ 500 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம்.

பறிமுதலோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு அதிகாரம் 83 ஆவது பிரிவில் உள்ளது. வனப்பொருளுக்காக அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை அப்பொருளின்மீது முதற்பொறுப்பாகக் கருதப்படும். குத்தகையாளர் தவணையைச் செலுத்தத் தவறினால், அத்தொகை செலுத்தப்படும் வரை வன அலுவலர் மரத்தைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். பின்னும் செலுத்தாவிட்டால் ஏலம் விடலாம். இங்குக் குற்றம் எதுவும் நிகழ வேண்டியதில்லை. நிலுவை இருந்தாலே போதுமானது.

மாநிலத் திருத்தங்கள்

1970களிலிருந்து பல மாநிலங்கள், பறிமுதல் செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்திலிருந்து வனத்துறையின் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மாற்றின. குற்ற வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆவதும், அதற்குள் நீதிமன்றம் விடுவித்த வண்டி மீண்டும் மரக் கடத்தலில் ஈடுபடுவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. கேரளத்தில் 61அ, கருநாடகத்தில் 71அ, தமிழ்நாட்டில் 49அ ஆகிய பிரிவுகளும், ஆந்திரப் பிரதேசச் சட்டத்தின் 44(2அ) உட்பிரிவும் இவ்வகையைச் சார்ந்தவை.

இத்திருத்தங்களில் பொதுவாகக் காணப்படும் பாதுகாப்புகள்:

* பறிமுதலுக்கான காரணங்களைக் கூறி எழுத்து மூலம் அறிவிப்பு அளித்தல்
* தரப்பை எடுத்துரைக்க நியாயமான வாய்ப்பளித்தல்
* தமக்கோ தம் ஓட்டுநருக்கோ தெரியாமல், போதிய முன்னெச்சரிக்கை எடுத்தும் வண்டி பயன்படுத்தப்பட்டது என உரிமையாளர் மெய்ப்பித்தால் வண்டியைப் பறிமுதல் செய்யாமை
* மேல்முறையீடு

மேல்முறையீட்டை யார் விசாரிப்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. சிலவற்றில் மாவட்ட அல்லது அமர்வு நீதிமன்றமும், சிலவற்றில் முதலில் மூத்த வன அலுவலரும் விசாரிக்கின்றனர். கைப்பற்றும் துறையே தீர்ப்பும் வழங்குகிறது என்பது இம்முறைமீது தொடர்ந்து வைக்கப்படும் விமர்சனமாகும்.

முக்கிய வழக்குகள்

குத்தகை உரிமையின் தன்மை

விடுதலைக்குப் பின் சமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டபோது, முன்னாள் நிலவுடைமையாளர்களிடம் பணம் கொடுத்து மரம் வெட்டும் உரிமை பெற்றிருந்தவர்களின் நிலை கேள்விக்குள்ளானது. மத்தியப் பிரதேசத்தைச் சார்ந்த சோட்டாபாய் வழக்கில் (1952) உச்ச நீதிமன்றம் ஒப்பந்தக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் சாந்தாபாய் எதிர் பம்பாய் மாநிலம் வழக்கில் (1958), பதிவு செய்யப்படாத ஆவணத்தின் மூலம் பல ஆண்டுகளுக்கு மரம் வெட்டும் உரிமை பெற்றவர் அரசுக்கு எதிராக அதனை நிலைநாட்ட முடியவில்லை. உடனே வெட்டி எடுப்பதற்கு உரிய மரம், நிலத்தோடு தொடர்ந்து வளர்ந்து பயன் பெறும் மரம் ஆகிய இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு அவ்வழக்கில் விரிவாக ஆராயப்பட்டது. வெட்டப்பட்ட மரம் அசையும் பொருள். நிற்கும் மரத்தை நீண்ட காலம் வெட்டும் உரிமை நிலத்தைச் சார்ந்தது. அதற்குப் பதிவு பெற்ற ஆவணம் வேண்டும். மகாதேவ் எதிர் பம்பாய் மாநிலம் வழக்கும் (1959) இவ்வழியிலேயே சென்றது.

குற்ற வழக்கும் பறிமுதலும்

கோட்ட வன அலுவலர் எதிர் ஜி. வி. சுதாகர் ராவ் வழக்கில் (1985), ஆந்திரப் பிரதேசச் சட்டத்தின்கீழ் நடக்கும் பறிமுதல் நடவடிக்கை குற்ற விசாரணையிலிருந்து தனித்தது என உச்ச நீதிமன்றம் கூறியது. குற்ற வழக்குத் தொடுக்கப்பட்டாலும் தொடுக்கப்படாவிட்டாலும் அதிகாரம் பெற்ற அலுவலர் பறிமுதல் செய்யலாம். மேற்கு வங்கம் எதிர் கோபால் சர்க்கார் (2002), மேற்கு வங்கம் எதிர் சுஜித் குமார் ராணா (2004) ஆகிய வழக்குகளும் இதே நிலைப்பாட்டை உறுதி செய்தன.

கருநாடகம் எதிர் கே. கிருஷ்ணன் வழக்கில் (2000), வனக் குற்றத்தில் பயன்பட்ட வண்டிகளை வழக்கு முடியும் முன் பொதுவாக விடுவிக்கக் கூடாது எனவும், சிறப்புக் காரணங்களுக்காக விடுவித்தால் வங்கி உத்தரவாதம் குறைந்தபட்ச நிபந்தனையாக இருக்க வேண்டும் எனவும் கூறப்பட்டது. மத்தியப் பிரதேசம் எதிர் உதய் சிங் வழக்கில் (2019), அம்மாநிலத் திருத்தத்தின்படி பறிமுதல் நடவடிக்கை தொடங்கிய செய்தி நடுவருக்குக் கிடைத்த பின், அப்பொருளை விடுவிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என முடிவு செய்யப்பட்டது.

இதன் விளைவாக, ஒரே நிகழ்வில் குற்றவியல் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்தாலும் அவரது மரம் பறிமுதலாகவே இருக்கலாம். சொத்துரிமை 1978 ஆம் ஆண்டின் 44 ஆவது திருத்தத்துக்குப் பின் அடிப்படை உரிமையாக இல்லாவிட்டாலும், சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தையும் பறிக்கக் கூடாது என அரசியலமைப்பின் 300அ உறுப்பு கூறுகிறது. அப்துல் வகாப் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் (2022), பசுவதைத் தடைச் சட்டத்தின்கீழ் விடுதலையான பின்னும் வண்டியைப் பறிமுதல் செய்தது இவ்வுறுப்புக்கு மாறானது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது வனச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கு அன்று.

எது வனப்பொருள்?

முறையாகப் பெற்ற மரம் வேறு பொருளாக மாறிய பின்னும் அது வனப்பொருளாகவே தொடருமா என்பது மற்றொரு சிக்கலாகும். குஜராத்தில் பழங்குடியினருக்கு அரசே சலுகை விலையில் மூங்கில் வழங்கியது. அதில் அவர்கள் முடைந்த கூடை, முறம் போன்றவற்றை வாங்கிச் சென்றபோது வன அலுவலர்கள் கைப்பற்றினர். பதேசங் கிம்பா வசாவா வழக்கில் அம்மாநில உயர் நீதிமன்றம், மனித உழைப்பால் புதிய பொருளாக மாறிய பின் அவை வனப்பொருள் அல்ல எனத் தீர்ப்பளித்தது. சுரேஷ் லோகியா எதிர் மகாராட்டிரம் வழக்கில் (1996), மூங்கில் பாய்களுக்கும் இதே விதி பொருந்தும் என உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் கேரளத்தைச் சார்ந்த பி. முகமது அலி வழக்கில் (1993), ஆலையில் வடித்தெடுத்த சந்தன எண்ணெய் வனப்பொருளே என முடிவானது. மர எண்ணெய் என்ற சொல் சட்டத்தின் வரையறையிலேயே இடம்பெற்றிருந்தது இதற்குக் காரணம். பொருள் எவ்வளவு மாறியது என்பதோடு, சட்டம் அதனைப் பெயர் கூறிக் குறிப்பிட்டுள்ளதா என்பதும் முக்கியம் என்பதை இவ்விரு தீர்ப்புகளும் காட்டுகின்றன.

கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு

உரிமம் பெற்ற மரத்தொழிலை நாடு முழுவதும் பாதித்த வழக்கு, டி. என். கோதவர்மன் திருமுல்பாடு எதிர் இந்திய ஒன்றியம் ஆகும். நிலம்பூர் கோவிலகத்தைச் சார்ந்த இவர், நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து 1995 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்தார். நீதிபதிகள் ஜே. எஸ். வர்மா, பி. என். கிர்பால் ஆகியோர் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணையின் சில கூறுகள்:

* காடு என்பதற்கு அகராதிப் பொருளே கொள்ளப்பட வேண்டும். நிலம் யாருக்கு உரியது என்பது பொருட்டன்று.
* நடுவண் அரசின் ஒப்புதல் இன்றிக் காட்டில் நடைபெறும் மர அறுவை ஆலை உள்ளிட்ட காடு சாராப் பணிகள் நிறுத்தப்பட வேண்டும்.
* நடுவண் அரசு ஏற்ற செயல் திட்டங்களின்படி அன்றி எக்காட்டிலும் மரம் வெட்டக் கூடாது.
* ஏழு வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வெட்டிய மரத்தைப் பிற மாநிலங்களுக்குத் தொடர்வண்டி, சாலை, நீர்வழி ஆகியவற்றில் கொண்டு செல்லக் கூடாது. பாதுகாப்பு, அரசுத் தேவைகளுக்குச் சில விலக்குகள் உண்டு.
* அருணாசலப் பிரதேசத்தின் திரப், சாங்லாங் மாவட்டங்களின் பசுமைமாறாக் காடுகளில் மரம் வெட்ட முழுத் தடை.
* தமிழ்நாட்டின் எல்லா வனப்பகுதிகளிலும் மரம் வெட்டத் தடை. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களில் தானாக முளைத்தவை அல்லாத, நட்டு வளர்த்த நிழல் மரங்களை மட்டும் நிபந்தனைகளுடன் வெட்டலாம்.

இவ்வாணையால், செல்லுபடியாகும் உரிமத்தின்கீழ் வெட்டப்பட்ட மரம் காட்டிலும் சாலையோரத்திலும் ஆலை வளாகத்திலும் தேங்கி நின்றது. எது முறையாக வெட்டியது, எது திருட்டுத்தனமாக வெட்டியது எனப் பிரித்தறிய வடகிழக்கு மாநிலங்களுக்கு உயர் அதிகாரக் குழு ஒன்று 1997 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 1998 சனவரி 15 ஆணை, அம்மாநிலங்களின் மரத்தொழிற்சாலை உரிமங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்தது. முறைகேடான மரம் மாநில அரசுக்குப் பறிமுதலாகி, அரசு மரத்தைப் போலவே விற்கப்பட வேண்டும் எனவும் அது கூறியது. 2002 ஆம் ஆண்டு மைய அதிகாரக் குழு அமைக்கப்பட்டு, அதன் அனுமதியின்றிப் புதிய மர அறுவை ஆலைகளைத் திறக்கக் கூடாது என ஆணையிடப்பட்டது. அவ்வதிகாரம் பின்னர் மாநில அளவிலான குழுக்களுக்கு மாற்றப்பட்டது. மனுதாரர் 2016 ஆம் ஆண்டு காலமானார். எனினும் வழக்கு முடிவுறாது தொடர்கிறது.

முட்டில் ஈட்டி மர வழக்கு

அரசின் ஆணை ஒன்றே பறிமுதல் வழக்குக்கு மூலமானதற்கு வயநாடு மாவட்டம் முட்டில் நிகழ்வு அண்மைக்கால எடுத்துக்காட்டாகும். கேரளத்தில் அரசு ஒப்படைப்புச் செய்த பட்டா நிலங்களில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்கு உரியவையாக ஒதுக்கப்படுவதுண்டு. 2020 அக்டோபர் 24 அன்று வெளியான அரசாணை, ஒப்படைப்புக்குப் பின் உழவர்கள் நட்டு வளர்த்த மரங்களையும் தானாக முளைத்த மரங்களையும் சந்தனம் தவிர்த்து வெட்ட இசைவளித்தது. இதனைப் பயன்படுத்தி முட்டில் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. 2021 பிப்ரவரி 2 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. மரங்களை வனத்துறை கைப்பற்றியது.

அரசாணையை நம்பியே வெட்டியதாக ஒரு தரப்பும், ஒப்படைப்புக்கு முன்பே அங்கு நின்ற மரங்களுக்கு அவ்வாணை பொருந்தாது என அரசுத் தரப்பும் வாதிட்டன. எனவே வழக்கு மரத்தின் வயதைச் சார்ந்ததாயிற்று. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மரத்துண்டுகளையும் நிலத்தில் எஞ்சிய அடிக்கட்டைகளையும் மரபணுச் சோதனை மூலம் ஒப்பிட்டு ஆராய்ந்தது. மரங்களில் பல நூற்றாண்டுகள் பழமையானவையும் இருந்தன. நிலத்தின் உரிமையாளர்களில் பழங்குடியினரும் சிறு உழவர்களும் அடங்குவர்.

தொடரும் சிக்கல்கள்

கைப்பற்றிய மரம் வழக்கு முடியும் வரை கிடங்கில் கிடந்து மழையிலும் கறையானாலும் மதிப்பிழக்கிறது. உரிமையாளர் இறுதியில் வென்றாலும் அவருக்குப் பயன்படாத மரமே கிடைக்கலாம். அரசு வென்றாலும் வருவாய் குறையும். விரைவில் ஏலம் விட்டுத் தொகையை வைப்பில் வைப்பது இதற்குத் தீர்வாகக் கூறப்படுகிறது. ஆனால் மரமே சான்றுப்பொருளாக இருக்கும் வழக்குகளில் இது எளிதன்று.

மூங்கில் தொடர்பான பல சிக்கல்கள் சட்டத் திருத்தங்களால் குறைந்துள்ளன. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்றது. 2011 ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் மெண்டா லேகா கிராம சபைக்கு, மூங்கிலுக்கான போக்குவரத்து அனுமதிச் சீட்டைத் தானே வழங்கும் உரிமை கிடைத்தது. 2017 ஆம் ஆண்டின் திருத்தம், மரம் என்பதன் வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் அனுமதிச் சீட்டு முறையை ஒருங்கிணைக்க, தேசியப் போக்குவரத்து அனுமதி முறை என்ற இணையவழி ஏற்பாடு 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. இதனால் சீட்டைப் பெறுவதும் சாவடியில் சரிபார்ப்பதும் எளிதாகலாம். எனினும் மரம் யாருக்கு உரியது, அது எங்கே நின்றது என்ற வினாக்களுக்குச் சீட்டு மட்டும் விடையாகாது. அவை இன்றும் ஆவணங்களையும் அடிக்கட்டைகளையும் கொண்டே தீர்க்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* இந்திய வனச் சட்டம், 1927
* தமிழ்நாடு வனச் சட்டம், 1882
* வன (பாதுகாப்பு) சட்டம், 1980
* வன உரிமைச் சட்டம், 2006
* கூடலூர் சன்மம் நிலங்கள்
* காப்புக்காடு
* ஈட்டி மரம்